கொல்லைச் செடியும் சட்டமும்

"நம் வீட்டுக் கொல்லையில் எந்தச் செடியை வைப்பது, எதைப் பிடுங்குவது என்பது நம் இஷ்டம். அதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று வாலிபர் சிலர் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கத்தரிச் செடியையோ மல்லிகைக் கொடியையோ நினைத்துக்கொண்டு அவர்கள் இதைக் கேட்கவில்லை; கஞ்சாச் செடியை நினைத்துக்கொண்டே கேட்கிறார்கள். சாணமும் சாம்பலும் இட்டு, ரசாயன உரத்தின் வாடையே படாமல், காசு செலவின்றிக் கொல்லையில் வளரக்கூடிய ஒரு மூலிகைக்குப் போலீசும் கோர்ட்டும் சிறையும் எதற்கு என்பது அவர்கள் வாதம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 முதல் வீட்டுக்கு நான்கு செடியும், ஜெர்மனியில் 2024 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடியும் வளர்க்க அனுமதி உண்டே என்று மேற்கோளும் காட்டுகிறார்கள். இதைக் கேட்டு முகஞ் சுளித்து அப்பால் போய்விடுவது எளிது. ஆனால் பதில் கிடைக்காத கேள்வி அதனால் அடங்கிவிடுவதில்லை. வேலிக்குப் பின்னால் போய்ச் செடியாக முளைக்கிறது. ஆகையால் அதை நேராக எடுத்துக்கொண்டு விசாரிப்பதே நம் கடமையென்று கருதுகிறோம்.

குலசேகரன்பட்டினம் போன்ற ஊரில் இந்த வாதம் எழுமானால் அதற்கு ஒரு தனிப் பலம் உண்டு. முன்னர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கிய அந்தக் கடற்கரை ஊர், இயற்கை தந்த பொருளைச் சட்டம் தடுத்தால் எப்படியிருக்கும் என்பதை அனுபவித்து அறிந்த ஊர். கடல் நீர் வெயிலில் காய்ந்து தானே உப்பாகிறது. அதை அள்ளியவன் குற்றவாளி என்றது அன்னிய சர்க்கார். 1930-ம் வருஷம் மகாத்மா தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் அந்தச் சட்டத்தை மீறினார்கள். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1942 செப்டம்பரில், ஆகஸ்டுக் கிளர்ச்சி மூண்டிருந்த நேரத்தில், குலசேகரன்பட்டினத்து உப்பு நிலையத்திற்குள் தேசபக்தர் கூட்டம் ஒன்று புகுந்தது. அங்கே நேர்ந்த கைகலப்பில் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி உயிரிழந்தார். அதன்மேல் நடந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் முடிவில் தூக்குக் கயிற்றுக்குத் தப்பினர். 1947-ம் வருஷம் உப்பு வரியும் ஒழிந்தது.

"அன்று உப்புக்குப் பொருந்திய நியாயம் இன்று செடிக்குப் பொருந்தாதா? இரண்டும் மண்ணும் கடலும் தந்தவைதாமே?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

உப்பும் செடியும்

முதலில், ஒப்புமை பொருந்துகிற இடத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். கஞ்சாவைப் பற்றி இந்நாட்டில் நடந்த பெரிய விசாரணை வெள்ளைக்காரர் காலத்தில் நடந்ததுதான். லண்டன் காமன்ஸ் சபையில் எழுந்த ஒரு கேள்வியின் பேரில் 1893-ம் வருஷம் இந்திய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். அங்கத்தினர் எழுவரில் மூவர் இந்தியர். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ம் வருஷம் அக்கமிஷன் தன் அறிக்கையைத் தந்தது. மிதமாகக் கொள்வோருக்குப் பெருங் கேடு இல்லை, மிதமிஞ்சிக் கொள்வோருக்குக் கேடு உண்டு, முற்றுந் தடை செய்வது வேண்டாம் என்பது அதன் முடிவு.

தடை வேண்டாமென்றால், செடியை அவரவர் கொல்லைக்கே விட்டுவிடலாம் என்று அர்த்தமாகுமா? ஆகாது. நாட்டின் பல பகுதிகளில் வீட்டோரம் ஒன்றிரண்டாக வளர்ந்து வந்த செடிகளை ஒழித்து, சாகுபடியைச் சில இடங்களில் மாத்திரம் குவித்து, லைசென்ஸ் கொடுத்து, வரி வாங்க வேண்டும் என்பதே யோசனை. வங்காளத்தில் நவுகாவ் பகுதியில் சர்க்கார் கண்காணிப்பில் நடந்து வந்த சாகுபடியை அதற்கு மாதிரியாகக் காட்டினார்கள். கணக்கில் வராத செடியைக் காவல் செய்யவும் முடியாது; அதன்மேல் வரி வாங்கவும் முடியாது. ஆகவே கஞ்சாக் கடை சர்க்கார் லைசென்ஸுடன் பகிரங்கமாகத் திறந்திருக்க, கொல்லைச் செடி மாத்திரம் குற்றமாயிருந்த காலம் ஒன்று உண்டு. உப்பு விஷயத்தில் கண்ட அதே கஜானாப் புத்தி இங்கும் வேலை செய்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒப்புமை அதற்குமேல் போகாது. உப்பு ஏழைக்கும் பணக்காரனுக்கும், குழந்தைக்கும் கிழவனுக்கும், மாட்டுக்கும்கூட வேண்டிய பொருள். அதன்மேல் வரி போடுவது கஞ்சிக் கலயத்தின்மேல் வரி போடுவதாகும். கஞ்சா அப்படிப்பட்டதன்று. அது இல்லாமையால் எவரும் மெலிந்ததில்லை. அது அதிகப்பட்டுக் கெட்ட குடும்பங்களோ நம் கண்முன் இருக்கின்றன. வளரும் பருவத்துப் பிள்ளைகள், அதிலும் வீரியம் மிகுந்த சரக்கை இடைவிடாமல் புகைப்பவர்கள், புத்தி பேதலிக்கும் அபாயத்துக்கு ஆளாகிறார்கள் என்பதை இக்கால வைத்திய ஆராய்ச்சி திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. 1894-ம் வருஷத்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இதை இல்லையென்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அரசியல் அறிந்தவர்கள் அதையே முக்கியமாக எண்ண வேண்டும். உப்புச் சட்டத்தை இயற்றியவர்கள் நம்மைக் கேட்டு இயற்றவில்லை. இன்றைய போதைப் பொருள் சட்டமோ 1985-ம் வருஷம் நமது பார்லிமெண்டு இயற்றியது. அதற்குப் பின்னால், 1961-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா செய்துகொண்ட வாக்குறுதி இருக்கிறது. அன்னியன் இட்ட அநியாயச் சட்டத்தை வெளிப்படையாக மீறி அதன் தண்டனையை ஏற்பது சத்தியாக்கிரகம். நம் பிரதிநிதிகள் இட்ட சட்டத்தில் குறை கண்டால் பேசியும் எழுதியும் வோட்டுப் போட்டும் அதை மாற்றுவது சுயராஜ்யம். வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் பட்டப்பகலில், நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போய் அள்ளினார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி, பகலில் ஓலைத் தட்டியால் மறைத்துச் செடி வளர்ப்பவர் அந்தப் பரம்பரையில் தம்மைச் சேர்த்துக்கொள்வது தியாகிகளுக்குச் செய்யும் மரியாதையாகாது.

பனையேறி அறிந்த நியாயம்

அப்படியானால் இன்றுள்ள சட்டம் குற்றமற்றதா? இல்லையென்றே சொல்லுகிறோம். ஏன் என்பதைச் சொல்ல நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினத்தைச் சுற்றியுள்ள செம்மணல் தேரியிலே நிற்கும் பனையைப் பார்த்தால் போதும்.

பாளை சீவிக் கலயம் கட்டுகிற பனையேறி, கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, கத்தி ஒன்று. சுண்ணாம்பு மாத்திரமே வித்தியாசம். கள்ளைத் தடுத்த சர்க்கார் பனையை வெட்டச் சொல்லவில்லை, பதநீரை அனுமதித்தது. கருப்பட்டித் தொழிலும் அந்தச் சுண்ணாம்பினாலேயே பிழைத்தது. இன்று பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாதென்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. ஒரே மரத்தில் நல்லதையும் கெட்டதையும் கலயம் கலயமாகப் பிரித்துப் பார்க்க நமது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது என்பதே இதனால் விளங்குவது.

கஞ்சா விஷயத்தில் அந்த விவேகம் நடைமுறையில் காணப்படவில்லை. இச்செடியின் தண்டில் உறுதியான நார் இருக்கிறது. விதையில் எண்ணெயும் புரதமும் இருக்கின்றன. போதை பெரும்பாலும் பெண் செடியின் பூங்கொத்திலேதான். போதைச் சத்து மிகக் குறைந்த நார் வகைகளும் உண்டு. 1961-ம் வருஷத்து உடன்படிக்கையே, நாருக்கும் விதைக்கும் பயிரிடுவதைத் தன் கட்டுப்பாட்டினின்று விலக்கி வைத்தது. நமது 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் 14-வது பிரிவும் அதற்கு வழி விட்டிருக்கிறது. அவ்வழியில் உத்தராகண்டம் 2018-ல் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. இமாசலப் பிரதேசச் சட்டசபை 2024-ல், மருந்துக்கும் தொழிலுக்கும் இச்செடியைப் பயிரிட இடந்தர வேண்டுமென்று தீர்மானித்தது. 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதன் விதையையும் விதை எண்ணெயையும் உணவுப் பொருளாக அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷன், கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து எடுத்துவிட 27-க்கு 25 என்ற வோட்டுக் கணக்கில் முடிவு செய்தபோது இந்தியாவும் அதற்கு ஆதரவாகவே கை தூக்கியது.

தண்டனை விஷயமும் இப்படியே. ஒருவரிடம் ஒரு கிலோவுக்கு உட்பட்ட காய்ந்த கஞ்சா அகப்பட்டால் சட்டம் அதைச் சிறு அளவு என்கிறது. ஓராண்டு வரையில் தண்டனை. இருபது கிலோவுக்கு மேற்பட்டால் வியாபார அளவு. பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல். இந்தப் படிவரிசை நியாயமானதே. ஆனால் செடி வளர்த்ததற்குப் படிவரிசை எதுவுமில்லை. ஒரு செடியானாலும் ஓராயிரம் செடியானாலும் ஒரே பிரிவு. பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். முக்கால் கிலோ பொட்டலத்தோடு பிடிபட்டவன் ஓராண்டுக்குள் வெளியே வந்துவிட, அறியாமையால் கொல்லையில் ஒரு செடி வைத்த பத்தொன்பது வயதுப் பையன் பத்தாண்டுத் தண்டனைக்கு அஞ்சி நிற்க வேண்டுமென்றால் அதை எந்தத் தராசில் நிறுப்பது? தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலிருந்து படகில் இலங்கைக்குக் கஞ்சா கடத்த முயன்று பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனையும், ஒற்றைச் செடிக்காரனையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டம், முன்னவனைத் தேடுவதற்கு வேண்டிய போலீசையும் கோர்ட்டையும் பின்னவன்மேல் செலவழிக்கிறது.

நாம் கேட்பது

கஞ்சாக் கடை திறக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. 1937 அக்டோபர் முதல் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த மாகாணம் இது. அதே நாட்டில், பனையேறியின் கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்க, 2003 முதல் சர்க்கார் கம்பெனியே சில்லறைக் கடை வைத்துச் சீமைச் சாராய வகைகளை விற்று வருகிறது. இதைக் காட்டி, "அதை விற்கலாமென்றால் இதை ஏன் வளர்க்கக்கூடாது?" என்று கேட்பவர்களுக்கு நமது பதில் ஒன்றே. ஒரு கதவு தவறாகத் திறந்திருப்பது மற்றொரு கதவைத் திறப்பதற்கு நியாயமாகாது. திறந்த கதவைச் சாத்துவதற்கே நியாயமாகும்.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, செடி வளர்த்த குற்றத்துக்கும் அளவுக்கேற்ற படிவரிசை வேண்டும். விற்பனைக்கன்றி ஒன்றிரண்டு செடி வைத்த இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதைவிட, செடியைப் பிடுங்கி, எச்சரித்து, வேண்டுமானால் வைத்தியரிடம் அனுப்புவது நாட்டுக்கு நன்மை. போதைக்கு அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கினின்று விலக்களிக்கும் 64-ஏ பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. அது புத்தகத்தில் மாத்திரம் கிடக்காமல், அதற்கு வேண்டிய ஆஸ்பத்திரி வசதி ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டாக வேண்டும்.

இரண்டாவது, நாருக்கும் விதைக்கும் உரிய போதையற்ற வகைகள் நம் மண்ணுக்கு ஏற்குமா என்பதைத் தமிழக விவசாயக் கல்லூரிகள் சர்க்கார் காவலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இமயமலை மாகாணங்கள் செய்வதை நாம் பரிசோதனை அளவில்கூடச் செய்யாமலிருப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, மருந்து. சித்த, ஆயுர்வேத முறைகளில் இச்செடிக்குச் சுத்தி செய்து சேர்க்கும் இடம் உண்டு. மருந்துப் பயிர் செய்து உலகுக்கு அனுப்புவது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதுமன்று. அரபு நாட்டிலிருந்து வந்த நிலாவரை இங்கே மானாவாரியில் வேரூன்றி, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, திருநெல்வேலியின் பெயராலேயே பிரிட்டிஷ் மருந்து நூல்களில் இடம் பெற்றது. புற்றுநோய்க்கு மருந்தாகும் நித்திய கல்யாணியும் தென் மாவட்டச் செம்மண்ணில் பயிராகியிருக்கிறது. அப்படிப்பட்ட விவசாயி, லைசென்ஸும் கண்காணிப்பும் இருந்தால், எந்த மூலிகையையும் ஒழுங்காக வளர்த்துக் கொடுப்பான். இல்லாவிட்டால் மருந்து நாளைக்கு வெளிநாட்டுப் புட்டியில் வந்து சேரும். நாம் விலை கொடுத்து வாங்குவோம்.

அதுவரை கொல்லையில் என்ன வைப்பது?

சட்டம் மாறும்வரை, கஞ்சாச் செடியைக் கொல்லையில் வைப்பது குற்றம். வைக்க வேண்டாமென்று வாலிபர்களுக்கு ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகிறோம். ஆனால் செலவின்றி, ரசாயனமின்றிக் கொல்லையில் பயிர் செய்ய வேண்டுமென்ற அவர்களுடைய ஆசை நல்ல ஆசை. அதை வீணாக்குவானேன்?

தேரி மணலில் தண்ணீரும் நிற்பதில்லை, உரமும் நிற்பதில்லை. முதலில் மண்ணுக்குப் பிடிப்பு உண்டாக்க வேண்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தூர் வாரும்போது எடுக்கும் வண்டலைக் கொண்டுவந்து மணலோடு கலக்கலாம். அதன்மேல் சணப்பை விதைத்து, ஏறக்குறைய 45-ம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் புதைத்தால் அதுவே தழையுரம். சணப்பை பயறு இனத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்ப்பது. கஞ்சாவுக்கும் அதற்கும் உறவே கிடையாது.

சருகு, சாணம், சமையலறைக் கழிவு, அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காக்கத் தண்ணீர் தெளித்து, இடையிடையே கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் மக்கிய எரு கிடைக்கும். 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் விவசாய ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர், நம் குடியானவர் முறைகளையும் கண்டறிந்து ஒழுங்குபடுத்திய எருவாக்கும் வழி இது. மேல்நாடுகளில் இயற்கை விவசாயம் என்று இன்று கொண்டாடப்படுவதற்கு அவருடைய புத்தகங்கள் ஓர் அஸ்திவாரம். தமிழ்நாட்டில் ஜே. ஸி. குமரப்பாவும், பின்னாளில் 2013-ல் காலஞ்சென்ற நம்மாழ்வாரும் ஊர் ஊராகச் சொல்லி வந்தது, உரத்துக்காகக் கடைக்குப் போகாதே என்பதுதான்.

கடற்கரையில் இன்னொரு வசதி உண்டு. மீன் கழிவை நன்றாகக் கழுவி, அதே எடை கருப்பட்டியை இடித்துக் கலந்து, மூடிய பானையில் மூன்று வாரத்துக்குமேல் வைத்தால் தேன் போன்ற ஒரு சாறு இறங்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீதம் கலந்து இலைமேல் தெளித்தால் செடி கருகருவென்று தழைக்கும். மீன் வலைஞர் துறையில் கிடைக்கிறது. கருப்பட்டிக்குப் பக்கத்து உடன்குடி பேர்பெற்றது. விற்பனைக்கு ஆகாத பழைய கருப்பட்டியே போதும்.

இவ்வளவும் செய்த மண்ணில் ஒன்றரை அடிக் குழி எடுத்துப் பெரியகுளத்துச் செடிமுருங்கை விதை போட்டால் ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். வேலியோரம் ஆடாதோடையும் தூதுவளையும், கிணற்றடியில் கற்பூரவல்லியும் துளசியும் வைத்தால் வீட்டில் இருமலுக்கு மருந்து இருக்கும். இவற்றில் எதற்கும் ஓலைத் தட்டி கட்டி மறைக்க வேண்டியதில்லை. அயல் வீட்டுக்காரர் கேட்டால் ஒரு கொம்பு ஒடித்துக் கொடுக்கலாம்.

உப்புக்காகத் தூக்குமேடை வரை போன ஊர் குலசேகரன்பட்டினம். சட்டத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டிரு என்று அந்த ஊருக்கு எவரும் உபதேசிக்க முடியாது; நாமும் உபதேசிக்கவில்லை. குறையுள்ள சட்டத்தை மாற்றச் சொல்லிச் சட்டசபை அங்கத்தினரையும் பார்லிமெண்டு அங்கத்தினரையும் பகிரங்கமாகக் கேளுங்கள் என்று சொல்லுகிறோம். ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு, வைத்தியரையும் வக்கீலையும் விவசாயியையும் ஒரே மேடையில் உட்கார வைத்துப் பேசச் செய்யுங்கள். ஒரு செடியை முன்னிட்டு ஒரு வாலிபனுடைய வாழ்நாளில் பத்து வருஷம் பறிபோகாமல் காப்பதும், அந்தச் செடியின் புகையில் அவன் புத்தி பறிபோகாமல் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் செய்ய முடியாது.